ஏரி காத்தலும் ஊர் காத்தலும்

கச்சிமாநகரின் பழங்கதைகளுள் தலைசிறந்த இரண்டும் வெள்ளத்தைப் பற்றியனவாதல் பலரும் கருதாத செய்தியாகும். நான்முகன் இயற்றிய வேள்வியை அழித்தற்பொருட்டுக் கலைமகள் வேகவதி என்னும் யாறாய்ப் பெருகி வந்தாள் என்றும், திருமால் அதன் குறுக்கே அணையாய்க் கிடந்து அவ்வேகத்தைத் தடுத்தார் என்றும் திருவெஃகாவின் தலவரலாறு கூறும். வேகவணை என்னும் பெயரே வெஃகா எனத் திரிந்தது என்பாரும் உளர். கம்பையாறு கரைபுரண்டு வந்தபொழுது, மணலாற் செய்து வழிபட்ட இலிங்கம் கரைந்து போகாதபடி உமையம்மை அதனைத் தழுவிக் காத்தாள் என்பது ஏகாம்பரநாதர் கோயிலின் வரலாறு. இக்கதைகளின் சமயப் பொருளை ஆராய்தல் ஈண்டு நம் நோக்கமன்று. இவ்வூரில் வாழ்ந்த முன்னோர், தமக்கு இன்றியமையாத பொருளை ஒருநாள் வெள்ளம் வாரிக்கொண்டு போகும் என்னும் அச்சத்தோடு வாழ்ந்தனர் என்பதனையே அவற்றால் அறிகின்றோம். அவ்வச்சம் இன்றும் நீங்கியபாடில்லை.

தெய்வமே அணையாய்க் கிடந்ததாகச் சொல்லப்படும் ஊரில் மாந்தர் செய்யவேண்டுவது யாது? வெள்ளத்தடுப்பு அரசினரின் வேலை, அது பொறியாளரின் கலை, ஊரார்க்கு அதில் ஒன்றுமில்லை என்று நினைப்பார் பலர். ஊரார் கூடி வெள்ளத்தடுப்பை வேண்டிக் குரல் எழுப்பினால், அதனைப் புதிய கிளர்ச்சி என்று எண்ணுவாரும் உளர். காஞ்சி நாட்டின் வரலாறோ இவ்விரண்டு கருத்தையும் மறுக்கின்றது. ஊர் கூடி நீரைக் காத்தல் இந்நாட்டின் தொன்மையான வழக்கம். அவ்வழக்கம் தளர்ந்த இடத்திலேயே வெள்ளம் கொடிதாயிற்று. இதனைச் சிறிது விளக்குதலே இக்கட்டுரையின் கருத்து.

வெள்ளம் வரும் வழி

தொண்டை மண்டலத்திற்கு மழை தருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவக்காற்று. அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று திங்களில் ஆண்டின் மழையிற் பெரும்பகுதி பெய்துவிடும். அம்மூன்று திங்களிலும் அது நாடோறும் ஒழுங்காகப் பெய்வதில்லை. கடலில் ஒரு புயற்சின்னம் தோன்றினால் ஒரு திங்களின் மழை ஓரிரவிற் கொட்டித் தீரும். நிலமோ மேற்கிலிருந்து கிழக்கே மிக மெல்லச் சாய்ந்தது. மலைநாட்டைப் போல நீர் விரைந்து ஓடி மறையும் இயல்பு இங்கில்லை. வழி கிடைத்தால் அது மெல்லச் செல்லும். வழி அடைபட்டால் நின்று பரவும்.

இந்நாட்டின் பேராறு பாலாறு. கருநாடகத்து நந்தி மலையிற் பிறந்து, ஆந்திர நாட்டைத் தொட்டு, தமிழகத்திற் புகுந்து ஏறத்தாழ 348 கிலோமீட்டர் நடந்து கடலை அடைவது. திருமுக்கூடல் என்னும் ஊரில் செய்யாறும் வேகவதியும் அதனோடு கலக்கின்றன. ஆண்டிற் பெரும்பகுதி அது மணற்பரப்பாகவே காணப்படும். இதனாலேயே அதன் வலிமையை மக்கள் மறந்துவிடுகின்றனர். 1903ஆம் ஆண்டு நவம்பரில் மேல்நாட்டு ஏரிகள் உடைந்தமையாற் பெருகிய பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியிற் பலருடைய உயிரைக் கொண்டது. 2021ஆம் ஆண்டு நவம்பரிலும் வாலாசா அணைக்கட்டில் நொடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேற்பட்ட நீர் பாய்ந்தது. நெடுங்காலம் வறண்டு கிடந்த யாறு ஒருநாள் தன் பழைய அகலத்தைத் தானே அளந்து காட்டும் என்பதற்கு இவை சான்று.

ஏரியின் உறுப்புக்கள்

பேராறு பெருகுவது எப்பொழுதோ ஒருமுறை. ஊர்கள் அடிக்கடி துன்புறுவது ஏரிகளாலும் அவற்றின் கால்களாலுமே. ஆதலின் ஏரி என்பது இன்னதென்று தெளிதல் வேண்டும். காஞ்சிபுர மாவட்டத்தில் நீர்வளத்துறையின் பொறுப்பில் மட்டும் 381 ஏரிகள் உள்ளன. ஊராட்சிகளின் பொறுப்பில் உள்ள சிற்றேரிகளும் குளங்களும் இத்தொகையிற் சேரா.

ஏரிக்கு ஐந்து உறுப்புக்கள் இன்றியமையாதன. நீரைக் கொண்டுவருவது வரத்துக்கால். நீரைத் தாங்குவது கரை. வயலுக்கு நீரை அளந்து விடுவது மதகு. நிறைந்த பின் மிகுந்த நீரை வெளியேற்றுவது கலங்கல். கலங்கலின் நீரை அடுத்த ஏரிக்கோ யாற்றுக்கோ கொண்டு செல்வது போக்குக்கால். இவற்றுள் மதகையும் கரையையும் உழவர் மறவார். அவை விளைச்சலுக்குத் துணையாவன. கலங்கலும் போக்குக்காலும் ஆண்டிற் சிலநாளே பயன்படுவன ஆதலால், அவற்றின்மேல் முதலிற் புல் முளைக்கும்; பின்னர் வேலி முளைக்கும்; அதன் பின்னர் வீடு முளைக்கும். வெள்ளத்தடுப்பின் உயிர்நிலையோ இவ்விரண்டிலுமே உள்ளது.

ஏரிகள் தனித்து நிற்பனவல்ல. மேலூர் ஏரியின் கலங்கல்நீர் கீழூர் ஏரிக்கு வரத்து. கீழூர் ஏரியின் மிகுநீர் அதற்கும் கீழுள்ள ஏரிக்கு வரத்து. இவ்வாறு ஒரு மாலையிற் கோத்த மணிகள் போல அவை தொடர்ந்து செல்லும். மழை பெய்யுங்கால் ஒவ்வோர் ஏரியும் சிறிது நீரைத் தன்னிடத்தே நிறுத்தி, சிறிது காலம் தாழ்த்து, எஞ்சியதைக் கீழே விடும். நூறு ஏரிகள் இவ்வாறு தாழ்த்து விடுமாயின் கீழுள்ள யாற்றில் நீர் படிப்படியாக ஏறும். அவ்வேரிகள் தூர்ந்து போயின், வானத்து நீர் அனைத்தும் ஒரே வேளையில் யாற்றிற் சென்று விழும். மேலே ஓர் ஏரி உடைந்தாலோ அதன் வெள்ளம் கீழுள்ள ஏரியை உடைக்கும். அது தனக்குக் கீழுள்ளதை உடைக்கும்.

தூர் என்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதனைக் கணக்கிட்டு அறியலாம். 100 ஏக்கர் பரப்புள்ள சிற்றேரி ஒன்றில் ஓரடி உயரம் வண்டல் படிந்ததாகக் கொள்வோம். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. எனவே அவ்வேரி இழந்த கொள்ளளவு 43,56,000 கன அடி. நொடிக்கு 1,000 கன அடி வீதம் பாயும் வெள்ளத்தை அவ்வளவு இடம் 72 நிமிடம் தடுத்து வைத்திருக்கும். முதியோரையும் குழந்தைகளையும் மேட்டிற்குக் கொண்டு செல்ல அக்காலம் போதும். ஓரடி வண்டலில் அவ்வளவு காலம் புதைந்து கிடக்கின்றது!

ஏரி வாரியம்

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். நாடாள்வோர் நீர்நிலை பெருக்குதல் வேண்டும் என்னும் கருத்தைப் புறநானூற்றிற் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு எடுத்துரைத்தார். ஏரியைக் கட்டுவித்தல் அரசன் கடமையாயின், கட்டிய ஏரியை ஆண்டுதோறும் காத்தல் யாருடைய கடமை? இவ்வினாவிற்கு விடை காஞ்சிக்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூரிற் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றது.

அவ்வூர் வைகுண்டப்பெருமாள் கோயிலில் முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளுக்கு உரிய கல்வெட்டுக்கள் உள்ளன. அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பகுத்து, தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்து வாரியத்தாரைத் தெரிந்தெடுத்த முறையை அவை கூறுகின்றன. அவ்வாறு அமைந்த வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று. அதன் உறுப்பினர் 6 பேர். அவர்தம் பணிக்காலம் 360 நாள்.

இக்குடவோலை முறையைத் தேர்தலின் பழமைக்குச் சான்றாகப் பலரும் எடுத்துக்காட்டுவர். நம் பொருளுக்கு வேண்டுவது மற்றொரு விதியாகும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்திற்கு வருதல் கூடாது என்பது அது. ஏரிக்கென்று பொருள் உண்டு. அப்பொருளுக்குக் கணக்கு உண்டு. அக்கணக்கை ஊர் கேட்கும். வண்டலை எடுத்துக் கரையில் இடுதற்கென்று அறம் வைத்த செய்திகளும் அவ்வூர்க் கல்வெட்டுக்களிற் காணப்படுகின்றன. ஏரி கட்டுதல் ஒருமுறை நிகழும் பெருஞ்செயல். தூர் எடுத்தலோ ஆண்டுதோறும் நிகழவேண்டிய சிறுசெயல். ஊரைக் காப்பது இச்சிறுசெயலே என்பதனை அவர் உணர்ந்திருந்தனர்.

பழமையைப் போற்றுங்கால் அதன் குறையையும் மறைத்தலாகாது. அச்சபையில் இடம்பெற நிலமும் சொந்த மனையும் வேதக்கல்வியும் வேண்டியிருந்தன. மண் சுமந்த கைகளுக்கும் பெண்டிர்க்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. ஏரி உடைந்தால் முதலில் நனைவது யாருடைய குடிலோ அவருக்கு ஏரியைப் பற்றிப் பேச இடமில்லாதிருந்தது. ஆதலின் நாம் அவரிடமிருந்து கொள்ளவேண்டியது கணக்குக் கேட்கும் ஒழுங்கு. கூட்டவேண்டியது எல்லோர்க்கும் உரிய குரல்.

குடிமராமத்தின் தளர்ச்சி

ஊரார் தம் உழைப்பால் ஏரியைப் பழுதுபார்க்கும் வழக்கம் பிற்காலத்திற் குடிமராமத்து எனப்பட்டது. கும்பினி ஆட்சி தொடங்கிய காலத்தில் போர்களாலும் பஞ்சத்தாலும் செங்கற்பட்டுச் சீமையின் ஏரிகள் பல உடைந்து கிடந்தன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சீமையின் கலெக்டராயிருந்த லயனல் பிளேசு துரை அவற்றைப் பழுதுபார்ப்பதில் ஊக்கங் காட்டினார். மதுராந்தகம் ஏரிக்கரையை இராமரும் இலக்குவனும் வில்லேந்திக் காவல் செய்ததை அத்துரை கண்டார் என்றும், அதனால் அவ்வூர்க் கோயிலில் தாயார் சந்நிதியைக் கட்டுவித்தார் என்றும் சொல்வர். அங்குள்ள பெருமாளுக்கு ஏரி காத்த இராமர் என்பதே பெயர். ஒரு கரையின் உறுதி ஊரினர் அனைவருக்கும் எத்துணை அருமையானது என்பதனை அப்பெயர் காட்டுகின்றது.

ஆயினும் நிலவரியைத் தனித்தனிக் குடியானவரிடம் தண்டும் முறை வந்தபின், ஊர் என்னும் கூட்டுக்குப் பொருளும் குறைந்தது, அதிகாரமும் குறைந்தது. 1858ஆம் ஆண்டிற் சென்னை அரசினர் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று செய்தனர். கரை உடையும் இடர்க்காலத்தில் உழைக்கும் வகுப்பாரை வலிந்து அழைக்கவும், குடிமராமத்துச் செய்யாதவரிடம் பொருள் தண்டவும் அது இடந்தந்தது. விரும்பிச் செய்த கடமை, தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் வேலையாயிற்று. உழைப்பு ஏழைகளுக்கும், அதன் பயன் நிலமுடையார்க்கும் என்று பிரிந்தபின் அவ்வழக்கம் நெடுநாள் நிலைக்குமா? பெரிய ஏரிகள் பொதுப்பணித்துறையின்பாற் சென்றன. ஏரியின் பொறுப்பு ஊரைவிட்டுப் போயிற்று. அதன் வெள்ளம் மட்டும் ஊரிலேயே தங்கிற்று.

2017ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தமிழக அரசினர் குடிமராமத்து என்னும் பெயரையே மீட்டு, 100 கோடி ரூபாய்ச் செலவில் 1,519 பணிகளைத் தொடங்கினர். அதன் தொடக்கவிழா இம்மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில் நிகழ்ந்தது. பல்லவன் நரசிம்மவர்மன் சளுக்கியரை வென்ற போர்க்களங்களுள் ஒன்றாகிய அவ்வூர், இக்காலத்தில் வேறொரு போருக்குத் தொடக்கக்களமாயிற்று எனலாம். அவ்வேரியின் மிகுநீர் சென்று சேரும் அடையாற்றின் கரையிலே நிகழ்ந்ததை அடுத்துக் காண்போம்.

வரதராசபுரத்தார் கேட்டவை

சென்னைக்கு நடுவே ஓடுவது என்று யாவரும் அறிந்த அடையாறு, காஞ்சிபுர மாவட்டத்து ஆதனூர் ஏரிப் பக்கத்தே தொடங்குவது. மணிமங்கலம், படப்பை, ஆதனூர் முதலிய ஏரிகளின் மிகுநீரே அதன் முதல்நீர். அதன் தொடக்கத்தில் அமைந்த தாழ்ந்த நிலப்பரப்பில் வரதராசபுரம் என்னும் ஊராட்சியும், அதனையடுத்து முடிச்சூரும் உள்ளன. முன்பு வயலாயிருந்த இந்நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்டு, பிறவூரினர் பலர் வந்து குடியேறும் இடமாயிற்று. நீர் வழக்கமாக நின்று செல்லும் இடம் எது என்பது புதிதாய் வருவோர்க்கு எங்ஙனம் தெரியும்?

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்யத் தொடங்கிய மழை, ஒரு நாளைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. சென்னையில் அதனால் விளைந்த அழிவை உலகம் அறியும். செம்பரம்பாக்கத்து நீர் அடையாற்றிற் கலக்குமிடத்திற்கும் மேலேயுள்ள வரதராசபுரமும் முடிச்சூரும் மூழ்கியமை பலர் கருத்திற் படவில்லை. அங்கே வீடுகளின் மேல்தளத்தில் ஏறி நின்றோரைப் படகுகளால் மீட்கவேண்டியதாயிற்று. பெரிய ஏரி ஒன்றைத் திறந்தமையே வெள்ளத்தின் முழுக்காரணமன்று என்பதனை இவ்வூர்கள் காட்டின. மேலேயுள்ள சிற்றேரிகளின் போக்குக்கால்களும் யாற்றின் குறுகிய வாயுமே அங்கே பகையாயின. நாட்டுத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, 2018ஆம் ஆண்டில், அவ்வெள்ளத்தை மனிதராற் செய்யப்பட்ட பேரழிவென்றே கூறிற்று.

வெள்ளம் வடிந்தபின் அவ்வூர்க் குடியிருப்போர் நலச்சங்கத்தார் வாளாவிருந்திலர். யாற்றின் அகலத்தை மீட்டல், ஆக்கிரமிப்பை நீக்கல், ஏரிகளின் மிகுநீர் தெருக்களுட் புகாமல் யாற்றை அடையுமாறு தனிக் கால்வாய் அமைத்தல் ஆகியவற்றை அவர் இடைவிடாது வேண்டினர். அடையாறு அகலப்படுத்தப்பட்டது. கரைகள் உயர்த்தப்பட்டன. மூடுகால்வாய்களும் அமைக்கப்பட்டன. ஆயினும் 2020, 2021ஆம் ஆண்டுகளின் மழையிலும் அவ்வூர்த் தெருக்களில் நீர் நின்றது. இதனால் அவர் முயற்சி வீணாயிற்று என்று கொள்ளலாகாது. ஓரூரின் வெள்ளம் அவ்வூரின் எல்லைக்குள் தொடங்குவதன்று என்பதே இதனாற் பெறும் பாடம். ஏரிகள் தொடராய் இருத்தலால், அவற்றைக் காக்கக் கேட்கும் ஊர்களும் தொடராய் நிற்றல் வேண்டும்.

வேகவதிக் கரையும் குழித்தறியும்

இனி நகருக்குள் வருவோம். காஞ்சியிற் பட்டு நெய்வோர் பலர் குழித்தறியில் அமர்ந்து நெய்பவர். தரையிற் குழி அகழ்ந்து, அதனுட் காலை விட்டு மிதியை மிதிப்பது அத்தறியின் அமைப்பு. பாவு தரைக்குச் சற்று மேலே நீண்டு கிடக்கும். ஆதலின் வீட்டினுட் புகும் வெள்ளம் முதலில் நிரப்புவது தறிக்குழியையே. முழங்கால் அளவு நீர் வேண்டுவதில்லை. வாயிற்படியைத் தாண்டிய ஒரு சாண் நீரே போதும். பட்டும் சரிகையும் நனைந்தால் அவற்றின் மதிப்புக் குன்றும். குழி காயும் வரையில் தறி ஓடாது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுவோர்க்குத் தறி ஓடாத நாள் கூலியில்லாத நாள். பிறர் வீட்டில் வெள்ளம் பொருளைக் கெடுக்கும். நெசவாளர் வீட்டிலோ பிழைப்பையே கெடுக்கும்.

அந்நகரின் மிகுநீரைக் கொண்டு செல்லவேண்டிய வேகவதி, கழிவுநீரும் குப்பையும் கட்டடங்களும் நெருக்கக் குறுகிக் கிடக்கின்றது. அதன் கரையில் வீடு கட்டி வாழ்வோர் பெரும்பாலும் ஏழைகள். அவரை அகற்றினாலன்றி யாற்றை அகலப்படுத்த இயலாது என்பது ஒருசாரார் கூற்று. அவ்வாறு அகற்றப்படுவோர்க்கென்று கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்கு வீடுகள் கட்டப்பட்டன. வேலையும் பள்ளியும் நகருக்குள் இருக்க, வீடு மட்டும் தொலைவில் இருப்பின் யாம் எவ்வாறு பிழைப்போம் என்பது கரையோரத்தார் வினா. இரண்டு கூற்றிலும் உண்மை உண்டு. யாறு தன் இடத்தைக் கேட்பது முறை. ஆனால் ஊரின் வெள்ளத்தைத் தடுக்கும் விலையை ஊரின் ஏழைகள் மட்டுமே கொடுத்தல் முறையாகாது. ஏரியின் உட்பரப்பிற் கட்டப்பட்ட பெருங்கட்டடங்களைக் கண்டுங் காணாமல் விட்டு, குடிசைகளை மட்டும் அளந்து அகற்றுவது வெள்ளத்தடுப்பும் ஆகாது, நீதியும் ஆகாது.

ஏகனாபுரத்தின் குரல்

காஞ்சிக்கு வடகிழக்கே பரந்தூரில் சென்னையின் இரண்டாம் விமான நிலையம் அமையும் என்று 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அது முதல் ஏகனாபுரம் முதலிய ஊரார் அதனை எதிர்த்து வருகின்றனர். கிராம சபையில் மீண்டும் மீண்டும் தீர்மானம் நிறைவேற்றினர். 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் நடந்த மக்களவைத் தேர்தலில் ஏகனாபுரத்தார் பெரும்பாலோர் வாக்களியாது ஒதுங்கினர். நிலமும் வீடும் போகும் என்பது அவர்தம் முதற்காரணம். ஏரிகள் போகும் என்பது மற்றொன்று. அந்நிலப்பரப்பில் ஏரிகளும் குளங்களும் பல உள்ளன. பாலாற்று நீரை ஏரி ஏரியாக நிரப்பித் திருப்பெரும்புதூர் ஏரி வரையிற் கொண்டு செல்லும் கம்பன் கால்வாயும் அவ்வழியே செல்கின்றது. திருப்பெரும்புதூரின் மிகுநீர் செம்பரம்பாக்கத்தை நோக்கிச் செல்வது.

நாட்டின் வளர்ச்சிக்கு விமான நிலையம் வேண்டுமென்றும், நீர்வழிகளை வல்லுநர் குழு ஆராய்ந்து மாற்றுவழி காணும் என்றும் அரசினர் கூறுகின்றனர். அவ்வழக்கிற்குத் தீர்ப்புச் சொல்லுதல் மாணவர் கட்டுரைக்கு அடங்குவதன்று. எனினும் ஒன்று கூறலாம். அங்கே தங்கி நின்ற நீர் இனி எங்கே செல்லும் என்னும் வினா ஏகனாபுரத்திற்கு மட்டும் உரியதன்று. கீழுள்ள செம்பரம்பாக்கத்திற்கும், அதற்கும் கீழுள்ள சென்னைக்கும் உரியது. தம் வயலைக் காக்க எழுந்த ஒரு சிற்றூர், அறிந்தோ அறியாமலோ, தொலைவிலுள்ள பெருநகரின் வாயிலையும் காத்து நிற்கின்றது.

ஊரார் கேட்கத்தக்கவை

இக்காலத்து ஊர்களுக்குப் பழைய வாரியம் இல்லையாயினும், அதனினும் பரந்த கருவி ஒன்று உண்டு. 1992ஆம் ஆண்டு நிறைவேறிய அரசியற் சட்டத்தின் 73ஆம் திருத்தத்தாலும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிச் சட்டத்தாலும் கிராம சபை நிலைபெற்றது. வாக்காளர் பட்டியலிற் பெயருள்ள ஆடவரும் பெண்டிரும், நிலமுடையாரும் இல்லாரும், அதன் உறுப்பினரே. ஆண்டில் 6 முறை கூடும் அச்சபையின் நாட்களுள் உலக நீர் நாளாகிய மார்ச்சு 22ஆம் நாளும் ஒன்று. கோடைத் தொடக்கமாகிய அந்நாள் ஏரியைப் பற்றிப் பேசுதற்கு மிகவும் ஏற்றது.

அச்சபையில் ஊரார் கேட்கத்தக்கவை எவை? முதலாவது, தம் ஏரியின் எல்லையை அளந்து கல் நடுமாறு கேட்டல். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் அளவையும் ஆக்கிரமிப்பு அகற்றலையும் கூறுகின்றது. எல்லை தெரியாத ஏரியைக் காத்தல் இயலாது. இரண்டாவது, கரையை உயர்த்துமுன் கலங்கலையும் போக்குக்காலையும் தூய்மை செய்யுமாறு கேட்டல். வழியை அடைத்துவிட்டுக் கரையை உயர்த்துவது, உடைப்பின் வலிமையை உயர்த்துவதேயாகும். மூன்றாவது, மேலூர் ஏரி நிறைந்தபொழுதே கீழூர்க்கு அறிவிக்குமாறு ஏற்பாடு செய்தல். நான்காவது, எடுத்த வண்டல் எவ்வளவு, செலவிட்ட பொருள் எவ்வளவு, அவ்வண்டல் எங்கே சென்றது என்பவற்றைச் சபையில் எல்லோரும் கேட்கப் படிக்குமாறு வேண்டுதல். இது உத்திரமேரூரார் 1,100 ஆண்டுகட்கு முன்னரே கேட்ட கணக்கு. நாம் கேட்பதற்கு நாணவேண்டுவதில்லை.

கேட்பது மட்டும் போதாது. கேட்கும் காலமும் நோக்கத்தக்கது. கார் இருண்டபின் எழுதும் விண்ணப்பம் படகைத்தான் கொணரும். கோடையில் எழுதும் விண்ணப்பமே மண்வெட்டியைக் கொணரும். பாறைமேல் வீடு கட்டியவனையும் மணல்மேல் வீடு கட்டியவனையும் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையை யாவரும் அறிவோம். அதனுள் ஒரு நுட்பம் உளது. இருவர் வீட்டின்மேலும் பெய்த மழை ஒன்றே. மோதிய வெள்ளமும் ஒன்றே. மழைக்கு முன்னர், வானம் தெளிந்திருந்த நாளில், ஒவ்வொருவனும் செய்த வேலையில்தான் வேற்றுமை இருந்தது.

வேகவதி இனியும் பெருகும். பாலாறு இனியும் தன் அகலத்தை அளக்கும். அவற்றின் சீற்றத்தை யாம் முற்றும் மாற்றவல்லேம் அல்லேம். நீர் செல்லும் வழியை நீருக்கே விட்டு, அவ்வழியை ஆண்டுதோறும் ஊர் கூடிக் காத்து, அதற்குரிய கணக்கை அஞ்சாது கேட்டல் நம்மால் இயலும். ஏரி காத்தலே ஊர் காத்தல். அதனை ஊரார் கேட்பதும் செய்வதும் உரிமையும் கடமையும் ஆகும்.